தனிச்சுழியினும் தாழ்ந்த வெப்பநிலை உண்டா?

வெப்பநிலையைப் பற்றிய பாடம் நடக்கும் வகுப்புகளில் ஒரு கேள்வி அடிக்கடி எழுவதுண்டு. "மைனஸ் 273 டிகிரிதான் மிகத் தாழ்ந்த வெப்பநிலை என்கிறார்கள், அதற்கும் ஒரு டிகிரி கீழே ஏன் போகக் கூடாது?" என்று மாணவன் வினவுகிறான். "போக இயலாது, அது இயற்கை வகுத்த எல்லை" என்று ஆசிரியர் விடையிறுக்கிறார். ஆனால் 2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜெர்மனியிலுள்ள மியூனிக் நகரத்து விஞ்ஞானிகள் தனிச்சுழிக்கும் கீழான வெப்பநிலையை உண்டாக்கிவிட்டார்கள் என்று உலகின் பல பத்திரிகைகள் செய்தி வெளியிட்டன. இச்செய்தியைப் படிக்கும் மாணவன் தன் ஆசிரியரின் சொல்லை ஐயுறுவது இயல்பே.

ஆசிரியர் கூறியதும் சரி. மியூனிக்கில் நிகழ்ந்ததும் உண்மை. ஒன்றுக்கொன்று முரண்பட்டனபோலத் தோன்றும் இவ்விரண்டும் எவ்வாறு பொருந்துகின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெப்பமும் வெப்பநிலையும்

முதற்கண் வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். எரிகின்ற தீக்குச்சியின் வெப்பநிலை மிக உயர்ந்தது; ஆனால் அதிலுள்ள வெப்பத்தின் அளவு சொற்பமே. ஒரு குளத்து நீரின் வெப்பநிலை தாழ்ந்தது. எனினும் அதனுள் அடங்கிய வெப்பம் மிகுதி. ஒரு பொருளில் எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்பதை வெப்பநிலை தெரிவிப்பதில்லை. இரு பொருள்கள் ஒன்றையொன்று தொட்டால் எதிலிருந்து எதற்கு வெப்பம் பாயும் என்பதையே அது தெரிவிக்கிறது. எது கொடுக்கிறதோ அது சூடானது. எது பெறுகிறதோ அது குளிர்ந்தது. இவ்விலக்கணம் எளியதாகத் தோன்றினும், மியூனிக் புதிரை விடுவிக்கும் திறவுகோல் இதுவேயாகும்.

273 என்னும் எண் வந்த வகை

வாயுக்களைக் குளிர்விக்கும்போது அவற்றின் பருமன் ஒரே ஒழுங்காகக் குறைந்து செல்கிறது. அழுத்தம் மாறாதிருக்குமாறு வைத்து, 0 டிகிரி செல்சியஸில் 273 கன சென்டிமீட்டர் இடத்தை நிரப்பும் காற்றை எடுத்துக்கொள்வோம். அது 10 டிகிரியில் 283 கன சென்டிமீட்டராகவும், 100 டிகிரியில் 373 கன சென்டிமீட்டராகவும் விரிகிறது. மைனஸ் 10 டிகிரிக்குக் குளிர்வித்தால் 263 கன சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. இப்புள்ளிகளை வரைபடத்தாளில் குறித்தால் ஒரு நேர்கோடு கிடைக்கும். அக்கோட்டை இடப்பக்கம் நீட்டிக்கொண்டே போனால், ஏறத்தாழ மைனஸ் 273 டிகிரியில் அது அடிக்கோட்டைத் தொடுகிறது. அவ்விடத்தில் வாயுவின் பருமன் சுழியாக வேண்டும்.

உண்மையில் எந்த வாயுவும் அந்த இடத்தைச் சேர்வதில்லை, வழியிலேயே திரவமாகிவிடுகிறது. ஹீலியமும் மைனஸ் 269 டிகிரியளவில் திரவமாகிறது. எனினும் எந்த வாயுவை எடுத்துக்கொண்டாலும் நீட்டப்பட்ட கோடு அதே புள்ளியையே சுட்டுகிறது. குளிருக்கு ஓர் எல்லை இருத்தல் வேண்டும் என்னும் கருத்து, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரெஞ்சு விஞ்ஞானி அமோந்தோனுக்குக் காற்றழுத்தச் சோதனைகளின் வாயிலாகத் தோன்றியிருந்தது.

இக்கருத்துக்கு உறுதியான அடிப்படை அளித்தவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியரும் பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்றவருமான வில்லியம் தாம்சன் ஆவார். 1848ஆம் ஆண்டில், தம் 24ஆம் வயதில், எந்தக் குறிப்பிட்ட பொருளையும் சாராத ஒரு வெப்பநிலை அளவுகோலை அவர் முன்மொழிந்தார். அதன் பிற்கால வடிவமே இன்று கெல்வின் அளவுகோல் எனப்படுகிறது. அதன் தொடக்கப் புள்ளி தனிச்சுழி. அது மைனஸ் 273.15 டிகிரி செல்சியஸுக்குச் சமம். இந்த அளவில் பனிக்கட்டி உருகும் நிலை 273.15 கெல்வின். கால்நடைச் செயற்கைக் கருவூட்டல் நிலையங்களில் உறைவிந்துக் குச்சிகளைப் பாதுகாக்கும் திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியில், அதாவது 77 கெல்வினில் உள்ளது. களப்பணியாளர் நாள்தோறும் கையாளும் அத்திரவம், பனிக்கட்டியிலிருந்து தனிச்சுழிக்குச் செல்லும் தொலைவில் ஏறத்தாழ முக்கால் பங்கைக் கடந்துவிட்டது எனலாம்.

எல்லைக்குக் கீழே செல்ல இயலாமையின் காரணம்

வெப்பத்தை வேலையாக மாற்றும் எந்திரங்களை ஆராய்ந்தால் இதன் காரணம் புலனாகும். ஒவ்வொரு வெப்ப எந்திரமும் சூடான இடத்திலிருந்து வெப்பத்தைப் பெற்று, ஒரு பகுதியை வேலையாக மாற்றி, எஞ்சியதைக் குளிர்ந்த இடத்தில் விடுகிறது. 373 கெல்வினிலுள்ள நீராவியைக் கொண்டு, 303 கெல்வினிலுள்ள சுற்றுப்புறத்தில் இயங்கும் எந்திரம் எவ்வளவு சிறப்பாக அமைக்கப்பட்டிருந்தாலும், 100 பங்கு வெப்பத்தில் ஏறத்தாழ 19 பங்கையே வேலையாக மாற்றக்கூடும். மற்ற 81 பங்கும் குளிர்முனைக்குச் சென்றே தீரும். குளிர்முனையின் வெப்பநிலை குறையக் குறைய அங்குச் செல்லும் பங்கும் குறையும். குளிர்முனை தனிச்சுழியில் இருக்குமாயின், அதற்குச் செல்லும் வெப்பம் யாதுமில்லை. பெற்ற வெப்பம் முழுவதும் வேலையாகிவிடும். பெறுதல் குறைந்துகொண்டே வந்து ஒன்றுமில்லாத நிலையை அடைந்தபின், அதனினும் குறைவாகப் பெறுவது எங்ஙனம்? ஆகவே குளிர்முனையின் வெப்பநிலைக்குத் தனிச்சுழியே கீழெல்லையாகும்.

அந்த எல்லையை எட்டித் தொடவும் இயலாது என்பது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மானிய விஞ்ஞானி நெர்ன்ஸ்ட் வகுத்த விதியாகும். குளிர்விக்கும் முறை எதுவாயினும் ஒவ்வொரு படியிலும் முன்னைவிடக் குறைவாகவே முன்னேற முடிகிறது. எஞ்சிய தொலைவில் பாதியை ஒவ்வொரு நாளும் கடக்கும் வழிப்போக்கன் ஊரை நெருங்கிக்கொண்டே இருப்பான். ஆனால் ஊர்போய்ச் சேரமாட்டான். தனிச்சுழியை நோக்கிய பயணமும் அத்தகையதே.

அப்பயணத்தின் மைல்கற்கள்

1898ஆம் ஆண்டில் பிரிட்டனின் ஜேம்ஸ் டிவார் ஹைட்ரஜனைத் திரவமாக்கி 20 கெல்வினை எட்டினார். 1908ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் கமர்லிங் ஓன்னஸ் ஹீலியத்தைத் திரவமாக்கி ஏறத்தாழ 4 கெல்வினை அடைந்தார். அக்குளிரில் பாதரசத்தின் மின்தடை முற்றிலும் மறைவதை அவரது ஆய்வுக்கூடம் 1911இல் கண்டறிந்தது. 1933இல் அமெரிக்காவின் ஜியோக், சில உப்புக்களைக் காந்தமேற்றிப் பின் காந்தமிறக்கும் முறையால் 1 கெல்வினுக்கும் கீழே சென்றார்.

1924ஆம் ஆண்டில் டாக்கா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சத்தியேந்திரநாத் போஸ் ஒளித்துகள்களைப் பற்றி எழுதிய கட்டுரையை ஐன்ஸ்டைன் அணுக்களுக்கும் விரித்தார். மிகக் குளிர்ந்த நிலையில் அணுக்கள் திரளாக ஒரே நிலையை அடையும் என்னும் முடிவு அதிலிருந்து கிடைத்தது. 71 ஆண்டுகளுக்குப் பின், 1995இல், அமெரிக்காவின் கொலராடோவில் கார்னெலும் வீமனும் ருபீடியம் அணுக்களைக் கொண்டு இதனை மெய்ப்பித்தனர். ஒரு கெல்வினை நூறு கோடிப் பங்காக்கினால், அவற்றுள் ஏறத்தாழ 170 பங்களவே அப்போது எட்டிய வெப்பநிலையாகும். 2021இல் ஜெர்மனியின் பிரெமன் நகரத்துக் கோபுரத்தினுள், கருவி கீழே விழும்போது உண்டாகும் எடையற்ற நிலையைப் பயன்படுத்தி, ஒரு கெல்வினின் லட்சம் கோடியில் 38 பங்கு என்னும் வெப்பநிலைக்கு அணுக்கூட்டத்தைக் கொண்டுசென்றனர். எனினும் அதுவும் சுழியன்று.

இவ்விடத்தில் வகுப்புகளில் வழங்கும் ஒரு பிழையான கருத்தையும் திருத்துதல் நலம். தனிச்சுழியில் அணுக்களின் அசைவு முழுவதும் நின்றுவிடும் என்பது முற்றிலும் சரியன்று. வெளியே கொடுப்பதற்கு யாதும் எஞ்சாத, மிகக் குறைந்த ஆற்றல் நிலையே தனிச்சுழி நிலையாகும். அந்நிலையிலும் குவாண்டம் விதிகளின்படி அணுக்களுக்குச் சிறிது அசைவு எஞ்சியிருக்கும். ஹீலியம் இதற்குக் கண்கூடான சான்று. சாதாரண அழுத்தத்தில் எவ்வளவு குளிர்வித்தாலும் அது உறைந்து திடப்பொருளாவதில்லை. ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தம் கொடுத்தாலன்றி அது உறையாது.

எதிர்க்குறி வெப்பநிலை என்பது யாது?

இனி மியூனிக் செய்திக்கு வருவோம். அதை விளங்கிக்கொள்ள ஒரு பள்ளிக்கூடத்தைக் கற்பனை செய்தல் போதும். அப்பள்ளிக்குக் கீழ்த்தளமும் மேல்மாடியும் மட்டுமே உண்டு. அங்கே நான்கு மாணவர்கள் இருக்கின்றனர். ஒரு மாணவன் மாடியேறுவதற்கு ஒரு பங்கு ஆற்றல் தேவை.

ஆற்றல் யாதும் இல்லாதபோது நால்வரும் கீழே இருப்பர். இந்த அமைப்புக்கு ஒரே வழிதான் உண்டு. ஒரு பங்கு ஆற்றல் கொடுத்தால் நால்வருள் எவனாவது ஒருவன் மேலே இருப்பான். இதற்கு 4 வழிகள். இரண்டு பங்கு கொடுத்தால் இருவர் மேலே. இதற்கு 6 வழிகள். மூன்று பங்கு கொடுத்தால் மூவர் மேலே. வழிகள் மீண்டும் 4. நான்கு பங்கு கொடுத்தால் நால்வரும் மேலே, வழி ஒன்றே. ஆசிரியர்கள் கரும்பலகையில் 1, 4, 6, 4, 1 என்று எழுதிக் காட்டலாம்.

அமைப்புக்குரிய வழிகளின் பெருக்கமே ஒழுங்கின்மை எனப்படுவது. விஞ்ஞானிகள் இதனை என்ட்ரோபி என்பர். வெப்பநிலையின் நுட்பமான இலக்கணம் இதனுள்தான் அடங்கியுள்ளது. சிறிதளவு ஆற்றலைச் சேர்க்கும்போது ஒழுங்கின்மை மிகுதியாக உயர்ந்தால் பொருள் குளிர்ந்தது. சிறிதே உயர்ந்தால் பொருள் சூடானது. மேற்கண்ட பள்ளியில் 1 என்பது 4 ஆகும் இடம் குளிர்ந்த பகுதி. 4 என்பது 6 ஆகும் இடம் சூடான பகுதி. பாதிப்பேர் மேலும் பாதிப்பேர் கீழும் உள்ள நிலையில் ஒழுங்கின்மை உச்சத்தை அடைகிறது; அங்கே வெப்பநிலை முடிவிலியாகும். அதன்பின் ஆற்றலைச் சேர்த்தால் ஒழுங்கின்மை கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது. இலக்கணப்படி கணக்கிட்டால் அங்கே வெப்பநிலைக்கு எதிர்க்குறி வருகிறது. மேல்மாடியில் இருப்போர் கீழ்த்தளத்தில் இருப்போரைவிட மிகுந்துள்ள நிலையே எதிர்க்குறி வெப்பநிலை எனப்படுவதாகும்.

இதில் கருதத்தக்கது யாதெனில், ஆற்றலைக் குறைத்துக் குறைத்து இந்நிலைக்கு வரவில்லை. கூட்டிக் கூட்டியே வந்திருக்கிறோம். வெப்பநிலைகளைக் குளிர்ந்ததிலிருந்து சூடானதை நோக்கி வரிசைப்படுத்தினால், சுழியில் தொடங்கி 1, 100, 300, 1,000 என வளர்ந்து முடிவிலியை அடைந்து, அங்கிருந்து மைனஸ் முடிவிலியாக மாறி, மைனஸ் 1,000, மைனஸ் 300, மைனஸ் 1 எனச் சென்று, இறுதியில் சுழியை மறுபுறத்திலிருந்து நெருங்குகிறது. ஆகவே மைனஸ் 1 கெல்வினிலுள்ள அமைப்பு, 1 கெல்வினிலுள்ளதைவிட மட்டுமன்றி, பத்து லட்சம் கெல்வினிலுள்ளதைவிடவும் சூடானது. எதிர்க்குறியைக் கண்டு அது குளிருக்கும் கீழான குளிர் என எண்ணுதல் எண்ணின் தோற்றத்தால் விளைந்த மயக்கமே. நேர்க்குறி வெப்பநிலையிலுள்ள எந்தப் பொருளை அதனுடன் சேர்த்தாலும், எதிர்க்குறி அமைப்புத்தான் வெப்பத்தைக் கொடுக்கும், மற்றது பெறும். முதலிற் கண்ட இலக்கணப்படி கொடுப்பது எதுவோ அதுவே சூடானது.

சாதாரணக் காற்றையோ நீரையோ இந்நிலைக்குக் கொண்டுவர இயலாமைக்கும் காரணம் எளிது. அவற்றின் மூலக்கூறுகள் எவ்வளவு விரைவாக ஓடினும் அதனினும் விரைவாக ஓட இடமுண்டு. அவற்றின் பள்ளிக்கூடத்துக்கு மாடிக்குமேல் மாடியாக முடிவின்றித் தளங்கள் உள்ளன. மேலே நெரிசல் உண்டாவதே இல்லை. ஆற்றலுக்கு ஒரு மேல்தளம் இருந்து, அதற்குமேல் கூரை அமைந்த அமைப்புகளிலேயே எதிர்க்குறி வெப்பநிலை கைகூடும்.

ஆய்வுக்கூடச் சான்றுகள்

அத்தகைய அமைப்பு அணுக்கருக்களில் உண்டு. பல அணுக்கருக்கள் சிறு காந்தங்கள் போன்றவை. காந்தப்புலத்தில் அவை புலத்தின் திசையில் நின்றால் ஆற்றல் குறைவு. எதிர்த்திசையில் நின்றால் மிகுதி. 1951இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பர்செல், பவுண்ட் என்னும் இருவர் லித்தியம் ஃபுளோரைடு படிகம் ஒன்றை வலிய காந்தப்புலத்தில் வைத்து, பின்னர்ப் புலத்தின் திசையை மிக விரைவாகத் தலைகீழாக்கினர். அணுக்கருக்களால் அவ்வேகத்தைப் பின்பற்றித் திரும்ப இயலவில்லை. முன்பு புலத்தோடு ஒத்து நின்றவை இப்போது அதனை எதிர்த்து நிற்கலாயின. பெரும்பாலோர் மேல்மாடிக்கு மாறியது போன்ற நிலை உண்டாயிற்று. சில நிமிடங்கள் நீடித்த அந்த எதிர்க்குறி வெப்பநிலை, முடிவிலியைக் கடந்து, படிப்படியாக அறையின் வெப்பநிலைக்குத் திரும்பியது. 1956இல் ராம்சே என்பார் இத்தகைய நிலைகளுக்கும் வெப்பவியல் விதிகள் பொருந்துமாற்றை விரிவாக விளக்கினார்.

இதுபோன்ற தலைகீழ் நிலை அன்றாட வாழ்விலும் பயன்படுகிறது. 1954இல் டவுன்ஸ் குழுவினர் அமைத்த மேசரும், 1960இல் மெய்மன் அமைத்த ரூபி லேசரும், உயர்நிலையிலுள்ள அணுக்கள் தாழ்நிலையிலுள்ளவற்றைவிட மிகுந்திருப்பதாலேயே இயங்குகின்றன. மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் முறைகள் சிலவற்றில், நோயாளியின் உடல்நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சிறிது நேரம் இவ்வாறு தலைகீழாக்கப்படுகின்றன. அவ்வணுக்கருக்களின் காந்த அமைப்பு மட்டும் எதிர்க்குறி நிலையை அடைகிறது. நோயாளியின் உடல் வெப்பநிலையோ வழக்கம்போலவே இருக்கிறது.

மியூனிக்கில் நிகழ்ந்தது

2013ஆம் ஆண்டு ஜனவரியில் மியூனிக் விஞ்ஞானிகளான பிரவுன், ஷ்னைடர், பிளாக் முதலியோர் வெளியிட்ட ஆய்வின் புதுமை யாதெனில், அணுக்கருக்களின் காந்தத் தன்மையில் மட்டுமே கண்ட நிலையை அணுக்களின் இயக்கத்திலும் உண்டாக்கியதாகும். அவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பொட்டாசியம் அணுக்களைத் தனிச்சுழிக்கு மிக அருகிலான வெப்பநிலைக்குக் குளிர்வித்தனர். லேசர் கதிர்களைக் குறுக்கும் நெடுக்குமாகச் செலுத்தி, மேடும் பள்ளமும் வரிசையாக அமைந்த ஓர் ஒளிச்சட்டத்தினுள் அவற்றை நிறுத்தினர். அச்சட்டமே அணுக்களின் இயக்க ஆற்றலுக்குக் கூரையாயிற்று. பின்னர், ஒன்றையொன்று விலக்கிய அணுக்கள் ஒன்றையொன்று ஈர்க்குமாறு காந்தப்புலத்தைத் திருத்தி, அணுக்கூட்டத்தைத் தாங்கிய பள்ளத்தையும் மேடாக மாற்றினர். பள்ளத்தில் தங்கவேண்டிய பந்துகள் மேட்டின் உச்சியில் நிலைத்து நின்றாற்போல, அணுக்கள் உயர்ந்த ஆற்றல் நிலைகளில் திரண்டு நின்றன.

பத்திரிகைகள் இதனையே "தனிச்சுழிக்குக் கீழே" என்று குறிப்பிட்டன. எண்ணளவில் அது சரி. எதிர்க்குறி எண் சுழியைவிடச் சிறியதே. ஆனால் அவ்வணுக்கள் தனிச்சுழியைத் தாண்டிக் கீழே இறங்கியவை அல்ல. வேறு வழியாக மறுகரையை அடைந்தவை. 2014இல் டங்கெல், ஹில்பர்ட் என்னும் இருவர், என்ட்ரோபியை வேறு முறையில் வரையறுத்தால் எதிர்க்குறி வெப்பநிலைக்கே இடமில்லை என வாதிட்டனர். வேறு பலர் அதனை மறுத்தனர். ஆனால் இவ்வாதம் பெயரையும் இலக்கணத்தையும் பற்றியது. தனிச்சுழியினும் குளிர்ந்த பொருள் உண்டு என இரு சாராரும் கூறவில்லை.

நடைமுறைக் குறிப்புகள்

களப்பணியாளர்கள் இதிலிருந்து ஒரு பயனைப் பெறலாம். எந்த வெப்பமானியாவது மைனஸ் 273.15 டிகிரி செல்சியஸுக்குக் கீழான எண்ணைக் காட்டுமாயின், கருவியிலோ அதன் கம்பி இணைப்பிலோ பழுது என ஐயமின்றி முடிவு செய்யலாம். அத்தகைய எண்ணைப் பதிவேட்டில் அளவாகப் பதிதல் கூடாது. மேலும் 20 டிகிரி செல்சியஸ் என்பது 10 டிகிரியின் இருமடங்கு வெப்பநிலை அன்று; கெல்வின் அளவில் அவை 293, 283 என நிற்பதைக் கண்டால் வேறுபாடு எவ்வளவு சிறிது என்பது விளங்கும். 2019ஆம் ஆண்டு மே 20 முதல் கெல்வின் என்னும் அலகு, நீரின் ஒரு நிலையைக் கொண்டன்றி, போல்ட்ஸ்மன் மாறிலியின் நிலையான மதிப்பைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது என்பதையும் ஆசிரியர்கள் குறித்துக்கொள்ளலாம்.

இனி மாணவனின் வினாவுக்குச் சுருக்கமாக விடை கூறின் வருமாறு: தனிச்சுழியினும் குளிர்ந்தது எதுவும் இல்லை, தனிச்சுழியையே எவரும் தொட்டதில்லை. எதிர்க்குறி வெப்பநிலை என்பது மெய்யே. ஆனால் அது எல்லா நேர்க்குறி வெப்பநிலைகளையும்விடச் சூடானது. இதை ஏற்க மாணவன் தயங்கினால், அவனை 1, 4, 6, 4, 1 என்னும் எண்களைத் தானே எண்ணிப் பார்க்கச் செய்தல் வேண்டும்.